சூடை இருந்த நேரம்

நாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று அக்காவின் மகள் கீர்த்தனி வந்து சொன்ன நேரம், நான் சல்லிக் கடற்கரையில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் தைத்த வரிசையெல்லாம் பிழைத்துப் போயிற்று.

"நீ நாய்க்குப் படிப்பிக்கப் போறியோ, நாய் உனக்குப் படிப்பிக்கப் போகுதோ?"

"ரெண்டும்தான் மாமா," என்றாள்.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும், ரஜீவன் இருக்கிற இடத்தில் ஒரு காரியம் நக்கலில்லாமல் நடக்காது என்று. அந்த வாயைப் பற்றித்தான் இந்தக் கதை. நல்லபடியாகச் சொல்ல எனக்கு வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா புவனம் வாழ்க்கைப்பட்டது தோப்பூர்ப் பக்கம். அத்தான் சோமசேகரத்துக்கு வயல். இரண்டு வருடத்துக்கு முன்னர் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஒரே பிள்ளை கீர்த்தனி. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தாள். மிருக வைத்தியம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இரண்டு தரம் எழுதினாள், இரண்டு தரமும் வெட்டுப்புள்ளி மயிரிழையில் தட்டிவிட்டது. மூன்றாம் தரம் எழுத அவளுக்குத் தெம்பில்லை. அந்த நேரம்தான் போனில் நியூசிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மிருகங்களின் நடத்தையைப் பற்றிய படிப்பு, எடுபட்டால் முழுச் செலவும் அவர்களே. ஒரேயொரு வில்லங்கம். விண்ணப்பிக்க முதல் இருநூறு மணித்தியாலம் நாய் பழக்கின அனுபவம் வேண்டும். நாளாந்தம் கொப்பியில் எழுதி, மிருக வைத்தியர் ஒருவரின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும். பழக்குகிறவர் கண்ணுக்கு மறைந்து நிற்க, நாய் சொன்ன இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் இருக்கிற வீடியோவும் வேண்டும்.

முதலில் சீனன்குடாவில் ஒரு காவல் கம்பனியின் நாய்க்கூட்டுக்குச் சனிக்கிழமைகளில் போனாள். மூன்று மாதம் கூடு கழுவினாள், இறைச்சி அவித்தாள், உண்ணி பிடுங்கினாள். கயிற்றைக் கையில் பிடிக்க மட்டும் விடவில்லை. கொப்பியைக் கொண்டுபோய் டவுனில் மிருக வைத்தியர் டொக்டர் சனூஸாவிடம் நீட்டியபோது அந்த மனுசி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாவாம்: "கூடு கழுவினதைக் கூடு கழுவினது எண்டுதான் நான் எழுதுவன் மகள். பழக்கினது எண்டு எழுத ஏலாது. ஒரு நாயை நீங்களே பழக்கிக் கொண்டு வாங்கோ."

அப்படித்தான் சித்திரை கழிந்த கையோடு எங்கள் வீட்டில் வந்து நின்றாள். சல்லியில் நாய்க்கு என்ன குறை. அவள் தெரிந்தெடுத்தது எங்கள் பந்தலில் காய்கிற மீனைத் திருடியே வளர்ந்த ஒன்றை. மண்ணிறம், ஒரு காது கிழிசல். சூடை மீன் என்றால் உயிரை விடும், அதனால் ஊரே அதற்குச் சூடை என்று பெயர் வைத்திருந்தது.

"உலகத்தில வேற நாய் கிடைக்கேல்லையோ? இது கள்ளன்," என்றேன்.

"கள்ளன்தான் மாமா கெட்டிக்காரன். எப்ப ஆள் பார்க்குது, எப்ப பார்க்கேல்லை எண்டு அதுக்குத்தான் தெரியும்."

வெயில் ஏற முதல் பெண்கள் மீனைக் கீறி, உப்புப் போட்டு, வலைத் துண்டில் பரப்புவார்கள். அந்த மீனுக்கு நடுவில்தான் அவளுடைய பள்ளிக்கூடம். உள்ளங்கையைக் காட்டி "இரு" என்பாள். சூடை குந்தி அப்படியே இருக்கும். ஒரு நொடி. பிறகு மூன்று நொடி. வறுத்த நெத்தலியில் நகமளவு ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்பாள். உடனே கொப்பியில் எழுதுவாள். திகதி, இடம், எவ்வளவு நேரம், விடுவித்தவர் என்று நாலு கட்டம். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் அவள் பெயர்தான்.

"அது என்ன விடுவிச்சவர்? நாய் என்ன மறியலிலயோ கிடக்குது?" என்று கேட்டேன்.

"இருக்கச் சொன்ன நாயை எழும்பச் சொல்லவும் வேணும் மாமா. எழும்பிறதை நாய் முடிவெடுக்கக் கூடாது. நான் 'சரி' எண்டால்தான் எழும்பலாம்."

ஆடி மாதம் வீடியோ எடுக்கிற நாள் வந்தது. ஒரு பொடியன் போனைப் பிடிக்க, அவள் கரையில் ஏற்றியிருந்த எனது போட்டுக்குப் பின்னால் மறைந்து குந்தியிருந்தாள். சூடைக்கு முன்னால் இரண்டு கூடை மீன் காய்கிறது. கரைவலை இழுக்கிற ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். நாயின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிகிறது, ஆனால் அசையவில்லை. எட்டு நிமிடம் ஆகிவிட்டது. அந்த நேரம்தான் என்னுடைய வாய் திறந்தது.

"சரி!" என்று கத்தினேன்.

சூடை மீனுக்குள் பாய்ந்தது. கடற்கரை முழுக்கச் சிரிப்பு. கீர்த்தனி போட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்து என்னைப் பார்த்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து பொடியன்களுக்கும் அது விளையாட்டாகிவிட்டது. அவள் "இரு" என்றால் பத்துப் பேர் "சரி" என்று கத்துவார்கள். அவள் ஒரு கிழமை நாயை வெளியே எடுக்கவில்லை. பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "இனி வாயால இல்லை மாமா. வாய் எல்லாருக்கும் இருக்குது. நான் கிட்டப் போய்த் தொட்டால்தான் இனி எழும்பும்."

இரண்டு விரலைச் சேர்த்து, நாயின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் மெல்லத் தொடுவாள். அவ்வளவுதான். அதைப் பழக்க ஒன்றரை மாதம் பிடித்தது. அதன் பிறகு நாங்கள் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தோம், மீனை மூக்கில் தேய்த்துப் பார்த்தோம். காகம் வந்து வாலைக் கொத்தியது. சூடை கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு இருந்தது. புரட்டாதியில் எடுத்த வீடியோ முப்பத்தொரு நிமிடம். முப்பத்தொரு நிமிடமும் நான் வலையைத் தொடவில்லை. ஆனால் வாயைத் திறந்து நல்லாயிருக்கு பிள்ளை என்று ஒரு சொல் சொன்னேனா? சொல்லவில்லை.

கடலும் பேயாட்டம் ஆடத் தொடங்க, சூடையைக் கூட்டிக்கொண்டு அவள் தோப்பூருக்குப் போனாள். இன்னும் ஒன்பது மணித்தியாலம்தான் மிச்சம், வீட்டில் வைத்து முடிக்கலாம் என்றாள். மார்கழி முதல் வெள்ளிக்கிழமை, எங்கள் நேரப்படி மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடுகிறது.

கார்த்திகைக் கடைசியில் அந்த மழை வந்தது. மழை என்று சொன்னால் போதாது. மூன்று நாள் வானமும் தரையும் ஒன்றாகக் கிடந்தன. மேலே எங்கேயோ அணைக்கட்டு உடைந்துவிட்டது, தண்ணீர் வருகிறது என்று சனிக்கிழமை காலை அக்கா அழுதபடி போன் எடுத்தாள். "தம்பி, உன்ர அத்தானை நான் எப்பிடியடா தூக்குவன்?"

போட்டை லொறியில் ஏற்றி மூதூர் வரை கொண்டுபோய், அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் தோப்பூர் வரை இழுத்து, வயலும் தெருவும் தெரியாத வெள்ளத்தில் இறக்கினேன். வேலியின் உச்சிகளைப் பார்த்துத்தான் அக்கா வீட்டு ஒழுங்கைப் பாதையைப் பிடித்தேன். கடலில் இருபது வருடம் ஓடிய நான், நெல்வயலுக்கு மேல் போட் ஓடிப் பயந்தேன்.

அக்கா வீட்டு முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர். அத்தானைக் கதிரையோடு தூக்கி ஏற்றினேன். பக்கத்து முஸ்லிம் வீட்டு ஜவாஹிர் நானா தன் மனைவி றுமானாவையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து ஏற்றிவிட்டார். தான் மேல்மாடியில் நின்று வீட்டைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். கீர்த்தனி கடைசியாக வந்தாள். கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். மற்றக் கையில் சூடை.

"பிள்ளை, நாயை விட்டிட்டு ஏறு," என்றேன்.

"காலுக்கை கிடக்கும் மாமா. சொன்னால் அசையாது."

"இடமில்லை எண்டு நான் சொல்லேல்லை." குரலைத் தாழ்த்தினேன். "அவையள் இருக்கினம். ஈர நாய். சின்னப் பிள்ளையளின்ர மடியிலதான் முட்டும். சங்கடமாய் இருக்கும் அவைக்கு."

றுமானாவுக்குக் காது கேட்டுவிட்டது. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஏத்துங்க தம்பி," என்றாள். "நாய் ஈரம் பட்டாக் கழுவினாச் சரிதானே. ஏழு தரம் கழுவிக்கலாம்."

ஒருவருக்கு ஒத்துவராததை அவர் கேட்க முதலே விலக்கி வைப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அவர்கள் கல்யாண வீட்டில் எங்களுக்கு வேறு சட்டியில் சமைப்பார்கள், நாங்கள் அவர்கள் வரும்போது நாயைக் கட்டிவைப்போம். அப்படியே வாழ்ந்து பழகிவிட்டோம். ஒரு வெள்ளத்தில், முகத்துக்கு நேரே, றுமானா ஏத்துங்க என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவாள் என்று நினைத்தேன். வாய்ப்பேச்சு என்று நினைத்துவிட்டேன். அவள் மனதாரத்தான் சொன்னாள். அது எனக்குப் பிறகு அவள் வாயாலே கேட்டுத்தான் தெரியும்.

"அரை மணித்தியாலத்தில திரும்பி வாறன். நாயை மட்டும் ஏத்திக்கொண்டு வாறன். இருக்கச் சொல்லிப்போட்டு ஏறு," என்றேன்.

வளவில் உயரமான இடம் கிணற்றுக்கட்டு. அதன் அகலமான மேற்சுவருக்கு அப்போது தண்ணீர் ஏறவில்லை. சூடையை அதில் ஏற்றி, உள்ளங்கையைக் காட்டி "இரு" என்றாள். அது இருந்தது. அவள் பழக்கதோசத்தில் போனில் மணி பார்த்தாள். இரண்டு பத்து. பிறகு திரும்பிவந்து போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, தொட்டு விட்டிட்டு வரட்டோ? தன்ர பாட்டில நிக்கட்டும்."

"தொட்டால் உனக்குப் பின்னால நீந்தி வரும். எஞ்சின் காத்தாடியில அடிபடும். நான் சொல்லுறதைக் கேளன்."

ஏறினாள். போட் திரும்பியபோது சூடை தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தது. எழும்பவில்லை.

மேட்டு றோட்டில் இறக்கிய கையோடு கிராம சேவகர் ஓடிவந்து போட்டின் கயிற்றைப் பிடித்தார். அந்தப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கூரையில் இருக்கிறாள், வேறு போட் இல்லை என்றார். நான் என்ன சொல்ல? கீர்த்தனி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி என் கையைப் பிடித்தாள்.

"மாமா, அது தொடாமல் எழும்பாது."

"தண்ணி வந்தால் எழும்பாமல் என்ன செய்யும்? அது நாயடி, மரக்கட்டையோ?"

"மாமா, உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனேன். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றினேன். அதற்குப் பிறகு ஒரு கிழவன், பிறகு ஒரு குடும்பம், ஒவ்வொரு தரமும் இதுதான் கடைசி என்று நினைத்தேன். நாலாம் தரம் வைக்கோல் சுற்றி எஞ்சின் இறுகிவிட்டது. கத்தியால் வெட்டி எடுத்து முடிக்க இருள் கவிந்தது, ஆமிக்காரர் இனி ஒருவரும் இறங்கக்கூடாது என்று மறித்துவிட்டார்கள். விடிந்ததும் இறங்கினேன். அக்கா வீட்டு ஒழுங்கைக்குள் தண்ணீரின் இழுவை ஆளைத் தூக்கி எறிந்தது. தூரத்தில் நின்று பார்த்தேன். கிணறு இருந்த இடமே தெரியவில்லை.

ஒரு பாடசாலையில் எங்களை இருத்தியிருந்தார்கள். பருப்பும் சோறும் ஒரே அண்டாவில் வந்தது, எல்லாரும் பேப்பர்த் துண்டில் வாங்கிச் சாப்பிட்டோம். கீர்த்தனி சாப்பிடவில்லை. கேற்றடியில் போய் நின்றாள். அங்கே ஊர் நாய்களெல்லாம் வந்து சேர்ந்திருந்தன. சொறி நாய், நொண்டி நாய், ஜவாஹிர் நானாவின் ஒழுங்கையில் ஆட்டுக்குட்டி கடித்து அடிவாங்குகிற கறுவல், எல்லாம் நீந்தி வந்து மதிலோரம் ஈரத்தை உதறிக்கொண்டு நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள்.

"எல்லாம் வந்திட்டுது மாமா," என்றாள். "ஒண்டும் படியாததெல்லாம் வந்திட்டுது."

அக்கா என்னைத் தனியே இழுத்தாள். "தம்பி, வெள்ளிக்கிழமையோட முடியுதாம். இருநூறு மணித்தியாலமும் முடிஞ்சு, மழைக்கு முதலே டொக்டர் கையொப்பம் வைச்சிட்டா. இனி அனுப்பிறதுதான் மிச்சம். கொப்பியைத் திறக்கவே மாட்டன் எண்டுறாள். அந்த மனுசன் கதிரையில கிடந்து அழுகுது. அவளுக்கு ஒண்டு சொல்லு. நீ சொன்னால் கேப்பாள்."

நான் சொன்னதைக் கேட்டுத்தானே இந்த நிலை.

புதன்கிழமை தண்ணீர் வடிந்தது. கீர்த்தனியை வரவேண்டாம் என்றுவிட்டுத் தனியே போனேன். ஜவாஹிர் நானா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். நாலு நாள் தாடி, கண் சிவந்திருந்தது.

"தம்பி, நான் கூப்பிட்டன்," என்றார். "ஆறு மணி இருக்கும், மஃரிபு தொழ எழும்பக்குள்ள பார்த்தன். கழுத்தளவு தண்ணியில அப்படியே இருந்திச்சு. மற்ற நாயெல்லாம் எப்பவோ நீந்திப் போயிட்டுது. வா வா எண்டு கத்தினன், தட்டை அடிச்சன். என்னைப் பார்த்திச்சு. வரல்ல. கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்களோ எண்டு நினைச்சன். கட்டியிருந்ததா தம்பி?"

"இல்லை நானா."

"அப்ப ஏன்?"

நான் கிணற்றுப் பக்கம் நடந்தேன்.

கிணற்றுக்கட்டுக்கும் தோய்க்கிற கல்லுக்கும் நடுவில் சேற்றில் கிடந்தது. கழுத்தில் நான் என் பழைய வலைக் கயிற்றில் பின்னிக் கொடுத்த நீலப் பட்டி. முகத்தில் இருந்த சேற்றை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தேன். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து, கண்ணுக்கு நடுவில் தொட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. அதைச் செய்யாமல் மண்வெட்டியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. ஜவாஹிர் நானாவும் நானுமாக வேலிக்கரையில் புதைத்தோம்.

பாடசாலைக்கு வந்து பொய் சொன்னேன்.

"அங்க இல்லை பிள்ளை. எழும்பிப் போயிட்டுது. தண்ணி கண்ட உடனே நீந்தியிருக்கும். நான் சொன்னனான்தானே, அது மரக்கட்டை இல்லை எண்டு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் தோள் இறங்கியது. அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "முட்டாள் நாய். என்ர ஒன்றரை மாதப் பாடமெல்லாம் தண்ணியில போச்சு," என்றாள். நாலு நாளுக்குப் பிறகு ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டாள். நல்ல வேலை செய்தேன் என்று நினைத்தேன். இனி ஆறுதலாக இருந்து விண்ணப்பத்தை நிரப்புவாள் என்று நினைத்தேன்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தேடப் போய்விட்டாள். எழும்பினது என்றால் எங்கேயோ நிற்கும்தானே. வியாழன் முழுக்க நடந்தாள். வாய்க்கால் கரை, பள்ளிவாசல் வளவு, தோப்பூர்ச் சந்தை, ஒவ்வொரு இடமாகப் போய்ப் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். ஒரு காது கிழிசல் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையும் போய்விட்டாள். பாடசாலையில் சிக்னல் இல்லை, அனுப்புவதென்றால் மூதூருக்குப் போகவேண்டும். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. அத்தான் சரியாகப் பேச வராத வாயால் "பிள்ளை எங்க, பிள்ளை எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நிற்க ஏலாமல் சைக்கிளை எடுத்தேன்.

ஒரு மணிக்கு அவளை வயற்கரை றோட்டில் கண்டேன். முழங்கால் வரை சேறு, கக்கத்தில் பொலித்தீனில் சுற்றின கொப்பி. ஒரு குதிக்கால் வெட்டி இரத்தம் வந்திருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை.

"மாமா, ஒரு ஆள் மண்ணிற நாயைக் கண்டதாம், பாலத்தடியில. அதைப் பார்த்திட்டு வாறன்."

"நீ மூதூருக்குப் போகவேணும் பிள்ளை. நாலு மணித்தியாலம்தான் இருக்குது."

"அது என்னைத் தேடும் மாமா."

எனக்கு வேறு வழி இல்லை. நான் சட்டைப்பையில் கைவிட்டு நீலப் பட்டியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு அவிழாமல் கத்தியால் வெட்டின இடத்தைத் தடவினாள்.

"எங்க?"

"கிணத்தடியில."

"இருந்ததோ?"

"இருந்தது."

றோட்டோரத்தில் அப்படியே இருந்துவிட்டாள். பக்கத்தில் நானும் இருந்தேன். நெல்லெல்லாம் சேற்றில் படுத்துக் கிடந்தது, அழுகல் மணம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜவாஹிர் நானா கத்தியதை, தட்டை அடித்ததை, அது பார்த்ததை. றுமானா மனதாரத்தான் சொன்னாள் என்பதை. கடற்கரையில் நான் கத்திய அந்த ஒரு சொல்லையும் சொன்னேன்.

பிறகு அவள் பொலித்தீனை அவிழ்த்துக் கொப்பியை எடுத்தாள். பேனை எழுதவில்லை, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு எழுதினாள். திகதி. இடம், கிணற்றுக்கட்டு.

"ஜவாஹிர் நானா எத்தினை மணிக்குக் கண்டவர்?"

"ஆறு மணிக்கு. அதுக்குப் பிறகு இருட்டு."

"கண்டது வரைக்கும்தான் எழுதலாம்." விரலை மடித்து எண்ணினாள். மூன்று மணித்தியாலம் ஐம்பது நிமிடம் என்று எழுதினாள். அந்தக் கொப்பியில் அதற்கு முன் இருந்த மிகக் கூடிய நேரம் முப்பத்தொரு நிமிடம்.

கடைசிக் கட்டத்தில் பேனை நின்றது. நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டனீங்களோ மாமா?"

"தொட்டனான்."

"எப்பிடி?"

நான் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, விடுவித்தவர் என்ற கட்டத்தில் 'மாமா' என்று எழுதினாள். கொப்பியை என் பக்கம் திருப்பிப் பேனையை நீட்டினாள்.

"வேற ஆள் விடுவிச்சால் அவரும் கையொப்பம் வைக்கவேணும். இல்லாட்டி எடுக்கமாட்டினம்," என்றாள். "வைச்சிட்டு வாங்கோ, மூதூருக்குப் போவம்."

வைத்தேன். எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.